மேசைக்கு அடியில் ஒரு கை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மச்சான் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். நலமில்லாமல் இருந்த ஓரிருவரும் தங்கள் படத்தைப் பேப்பரில் பார்த்து நலமடைந்துவிட்டார்கள். பக்கத்துக் கடை பேக்கரிக்காரருக்கு ரத்த அழுத்தமே இறங்கிவிட்டதாம். எனக்கு ஏறியிருக்கிறது. அது எங்கள் குடும்ப வியாதி. தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

‘தாங்கள்’ என்று எழுதுவதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். என் தங்கையைக் கட்டிக்கொண்டபோதே, இனிமேல் மாப்பிள்ளையை மரியாதையாகக் கூப்பிடு என்று வீட்டில் சொன்னார்கள். நானும் ஓர் ஆட்டம் முழுக்க ‘கொஞ்சம் வெலகுங்க மாப்பிள்ளை’ என்று சொல்லிப் பார்த்தேன். மரியாதை முடிவதற்குள் பந்து போய்விட்டது. அதனால் பழையபடி ‘வெலகுடா’வுக்கே திரும்பினோம். இப்போது நமக்குள் பந்து எதுவும் இல்லை. மரியாதைக்கு நேரம் நிறைய இருக்கிறது.

போனில் பேசலாமே என்று தங்கை சொல்கிறாள். போனில் தங்களுக்குப் பக்கத்தில் எப்போதும் யாராவது கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. ஆகவே கடிதம்.

தாங்களும் அக்கரைக்காரரும் கோப்பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிய படம் முதல் பக்கத்தில் வந்திருந்தது. ஆற்றுப் பாலத்தின் நடுவில் மணல்மூட்டை அடுக்கி, அக்கரைக்காரனை நேரில் பார்த்தே இராத பிள்ளைகள் இக்கரையில் கல்யாணம் செய்துகொள்ளும் வயதுக்கு வந்துவிட்ட காலத்தில், இரண்டு கரைக்காரர்கள் ஒரே நிறச் சட்டையில் நிற்பது பெரிய விஷயம்தான். ஜோடி இல்லாமல் வந்த ஆட்டக்காரர்களைச் சீட்டுக் குலுக்கிச் சேர்த்தார்கள் என்று செய்தியில் இருந்தது. அவருடைய ஜோடிக்கு விசா கிடைக்கவில்லை. தங்களுடைய ஜோடிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அந்த முழங்காலின் சொந்தக்காரன் என்ற முறையில் இந்தச் சமாதானத்தில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பேப்பரில் அதைப் போடவில்லை. இடம் இருந்திருக்காது, பக்கத்தில் மெத்தை விளம்பரம்.

தங்கள் பேச்சையும் கிளப் டிவியில் கேட்டோம். விளையாட்டு வீரர்கள் சமாதானத்துக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்றீர்கள். நல்ல கருத்து. உச்சரிப்பும் முன்னேறியிருக்கிறது. கடைசியில் கையை உயர்த்தி, ‘வாருங்கள், சுவர்களை இடிப்போம்’ என்றீர்கள். எது அடித்தாலும் திருப்பிவிடுகிறேன் என்று கிளப்பில் எனக்குச் ‘சுவர்’ என்று பெயர் வைத்தது யார் என்பது தங்களுக்கு மறந்திருக்கலாம், சபைக்கு மறக்கவில்லை. பல் டாக்டர் திரும்பிப் பார்த்து, “சுவரு, ஒன்னத்தான் இடிக்கச் சொல்றாரு போல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல் டாக்டரிடம் போகிறவர்கள் எல்லோரும் சிரித்துத்தானே ஆக வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இறுதி ஆட்டத்தைக் கிளப் ஹாலில் டிவி வைத்துப் பார்த்தோம். சர்வீஸ் போடுவதற்கு முன் தாங்கள் மேசைக்கு அடியில் கையைக் கொண்டுபோய் அக்கரைக்காரருக்கு விரல் காட்டினீர்கள். ஒரு விரல் என்றால் வலைக்குப் பக்கத்தில் குட்டையாக, இரண்டு விரல் என்றால் நீளமாக, மூன்று விரல் என்றால் வெட்டிச் சுழற்றி. எதிராளிக்குத் தெரியாமல் கூட்டாளிக்கு மட்டும் சொல்கிற சைகை. டேபிள் டென்னிஸில் எல்லா ஜோடிக்கும் இப்படி ஒன்று இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஜோடிக்கும் அது தனிப் பாஷை. தாங்கள் காட்டியது நம் பாஷை. என் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில், கால் ஆடுகிற சாப்பாட்டு மேசையில் வைத்து நாம் இரண்டு பேரும் உண்டாக்கியது. அதைத் தாங்கள் அக்கரைக்கு ஏற்றுமதி செய்துவிட்டீர்கள். போகட்டும். விரல் எல்லோருக்கும் இருக்கிறது.

ஆனால் கடைசி செட்டில், இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது, கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை மூடிக் காட்டினீர்கள். அதுவும் மேசைக்கு அடியில் மறைவாகக்கூட இல்லை. முதுகுக்குப் பின்னால், கேமரா இருக்கிற பக்கம், ஊரே பார்க்கும்படி. சமாதானத் தூதர் ஆனபின் மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். அது சர்வீஸ் சைகை இல்லை. ‘பயமா இருக்கு, நீ பாத்துக்கோ’ என்று அர்த்தம். அதைப் பார்த்தால் மற்றவன் மட்டையின் பிடியால் மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். ‘நான் இருக்கேன்.’ அவ்வளவுதான். எந்த நடுவருக்கும் தெரியாது. என் தங்கைக்கே தெரியாது.

அதையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அது எனக்குப் பெரிய விஷயமும் இல்லை. அவர் தட்டினாரா என்று பார்ப்பதற்குள் பேக்கரிக்காரர் என் முன்னால் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கிவிட்டார். அடுத்தடுத்த ஊர்களில் நீங்கள் ஆடிய காட்சி ஆட்டங்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த முஷ்டி. எல்லாவற்றிலும் கேமரா சரியாக அந்த நேரம் பார்த்துப் புறாவைக் காட்டப் போய்விடுகிறது. நீங்கள் பறக்கவிடுகிற வெள்ளைப் புறாக்கள் விளக்கு வெளிச்சத்தில் பறக்காமல் விளம்பரப் பலகைமேல் உட்கார்ந்துகொள்கின்றன என்பதை மட்டும் எல்லா ஊரிலும் நன்றாகப் பார்க்க முடிந்தது.

தாங்கள் மேலும் பல மேடைகள் ஏற வேண்டும், இறங்கும்போது படியைப் பார்த்து இறங்க வேண்டும் என்று வாழ்த்தும்

தங்கள் முன்னாள் ஜோடி,
மச்சான்


மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மச்சான் வணக்கம். தங்கள் பதில் கிடைத்தது. தாளின் மேல் மூலையில் புறா அச்சடித்திருக்கிறார்கள். அது மட்டும் நன்றாகப் பறக்கிறது. நான் எழுதியிருந்த சைகை விஷயத்துக்கு ஒரு வரி பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. பொது வாழ்க்கையில் இருக்கிறவர்களுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல நேரம் ஏது?

தாங்கள் கேட்டிருக்கிற விஷயத்தைச் செயலாளர் என்ற முறையில் கிளப் கூட்டத்தில் வைத்தேன். இரண்டு கரை அதிகாரிகளும் ஒரு பகல் மட்டும் பாலத்தைத் திறக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அக்கரை ஜனங்கள் நடந்து வந்து நம் கிளப் ஹாலில் உங்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். அரசாங்க இடமாக இருந்தால் எந்தக் கரை அரசாங்கம் என்று சண்டை வரும், அதனால் ஆட்டக்காரர்களின் சொந்த ஹாலாக இருந்தால்தான் சரி. ஹால் கிடைக்காவிட்டால் பாலமும் திறக்காது. இவ்வளவையும் உள்ளது உள்ளபடி வாசித்தேன். குரலில் எந்தச் சாய்வும் இல்லை என்று நானே கவனித்துக்கொண்டேன்.

தலைவர், “வெளையாட்டுக்காரன் வெளையாடணும். சமாதானம் பேசறதுக்குத் தனியா ஆள் இருக்காங்க” என்றார். பேக்கரிக்காரர், “இருந்து என்னத்தக் கிழிச்சாங்க? பாலம் மூடுனதுலேர்ந்து நல்ல மாவு வரல. என் ரொட்டிய நீங்க கல்லுன்னு சொல்றீங்க. அது சமாதானப் பேச்சுவார்த்தையோட ரொட்டி” என்றார். பல் டாக்டர் மட்டும் அமைதியாக, “தோத்தவுடனே ஜெயிச்சவன் கையப் புடிச்சுக் குலுக்கணும்னு ஆடறவனுக்குத்தான் சின்ன வயசுலயே சொல்லித் தராங்க. வேற எந்த உத்தியோகத்துல அது இருக்கு? அவன்தான் முன்னாடி நிக்கணும்” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாவி என்னிடம் இருக்கிறது.

நான் நடைமுறைச் சிக்கல்களை எடுத்துச் சொன்னேன். தரைப் பலகை ஒன்று தூக்கிக்கொண்டிருக்கிறது. கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது. கழிப்பறைத் தாழ்ப்பாள் உள்ளிருந்து போடலாம், உள்ளிருந்து திறக்க முடியாது; அதில் மாட்டிக்கொள்கிற முதல் ஆள் அக்கரைக்காரராக இருந்தால் பேச்சுவார்த்தை எந்த இடத்துக்குப் போகும் என்று யோசிக்க வேண்டும். பாலத்தை மூடிய கலவரத்தின்போது என் கடைக் கண்ணாடி உடைந்ததையும் நினைவுபடுத்தினேன். “அத ஒடச்சது நம்ம பசங்கதானே” என்றார் பேக்கரிக்காரர். யார் உடைத்தது என்பதா விஷயம்? உடைந்தது கண்ணாடி. பழுதெல்லாம் பார்த்து முடிக்கும்வரை முடிவைத் தள்ளிவைத்திருக்கிறோம். இல்லை என்று சொல்லவில்லை. பலகை என்று சொல்லியிருக்கிறோம்.

தங்கை தங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்ன இரண்டு செய்திகளை இத்துடன் தெரிவிக்கிறேன். அவள் பிழை திருத்துகிற அச்சகத்துக்கு இரண்டு வேலை ஒன்றாக வந்தது. ஒன்று ‘சமாதானத் தூதரே வருக’. இன்னொன்று ‘துரோகியே திரும்பிப் போ’. இரண்டும் தங்களைப் பற்றித்தான். இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே மை. முதலாளி கொள்கை உள்ளவர், யாரிடமும் பாரபட்சம் காட்டுவதில்லை. இரண்டாவது போஸ்டரில் ‘துறோகி’ என்று பெரிய ற போட்டு எழுதிக்கொடுத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்து அதைத் திருத்தியிருக்கிறாள். உன் புருஷனைத் திட்டுகிற போஸ்டரை நீயே திருத்துவாயா என்று கேட்டேன். “திட்றதையாவது தப்பில்லாமத் திட்டட்டுமே. தெருவுல போற பிள்ளைங்க அதப் பாத்துத்தான் எழுதப் பழகும்” என்றாள். பிறகு கண்ணைத் தூக்காமலே, “துரோகிக்குச் சின்ன ர தாண்ணே. பொறாமைக்குத்தான் பெரிய ற” என்றாள். இலக்கணம் சரிதான். அதை ஏன் என்னிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

போன வாரம் உங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் கல் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. கண்ணாடி போடும்வரை அந்த ஓட்டையில் போஸ்டர் ஒட்டியிருக்கிறாள். வருக போஸ்டரைத்தான் ஒட்டியிருக்கிறாள்; அதுதான் கெட்டிக் காகிதமாம், போ போஸ்டர் மெலிசு, காற்றுக்குத் தாங்காது என்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்றேன். “நான் எதுக்கு வரணும்? ஹால நீ தொறந்தா அவர் வந்துடுவாரு. ஒனக்கு அவர் மேல கோவமா, அந்த ஆள் மேல வயித்தெரிச்சலா? ரெண்டுல எதுன்னு சொல்லு, அதுக்கேத்த மாதிரி நானும் பேசறேன்” என்றாள். பிழை திருத்துகிறவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதில்லை.

அடுத்த செய்தி, அக்கரைக்காரர் ஹாலைப் பார்வையிட இங்கு வரப்போகிறாராம். தனி அனுமதியாம். வரட்டும். பலகையைக் காட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். பேசும்போது சுவர் என்ற சொல்லுக்குப் பதிலாகத் தடுப்பு, வேலி, மதில் என்று நல்ல சொற்கள் இருக்கின்றன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளும்

தங்கள் மனைவியின் அண்ணன்


டேய் வெட்டுக்கிளி,

மரியாதைக்கு நேரம் இல்லை. பந்து வந்துவிட்டது.

அக்கரைக்காரர் வந்தார். பாலத்து மணல்மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்களாம். சட்டையில் ஒரு பக்கம் முழுக்க மண். கூடவே ஒரு போலீஸ்காரர். நான் நினைத்த உயரம் இல்லை. அது ஓர் ஆறுதல். தலையில் முடி இருந்தது. அது ஆறுதல் இல்லை. முதலில் கடைக்குத்தான் வந்தார். வணக்கம் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “ஒரு திருகு லூசா இருக்கு. நீங்கதான் நல்லாப் பாப்பீங்கன்னு உங்க மாப்பிள்ளை சொன்னாரு” என்று மேசைமேல் வைத்தார். இதையெல்லாம்கூடப் பேசியிருக்கிறாய். திருகை முடுக்கிக் கொடுத்தேன். தேவைக்கு மேல் கொஞ்சம் இறுக்கமாகத்தான் முடுக்கினேன்.

ஹாலில் பலகையைக் காட்டினேன். காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “எங்க ஹால்ல இதே மாதிரி நாலு பலகை. அத மிதிக்காம ஆடிப் பழகித்தான் எங்களுக்குக் கால் இவ்வளவு வேகம்” என்றார். அதற்குள் பல் டாக்டரும் பேக்கரிக்காரரும் மட்டையோடு வந்து நின்றுவிட்டார்கள். அக்கரைக்காரரோடு ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்க வேண்டுமாம். அவர்கள் ஒரு பக்கம். மிச்சம் இருப்பது அவரும் நானும். உன் இடத்தில் அவர் என்பதா, அவர் இடத்தில் நான் என்பதா என்று யோசிப்பதற்குள் சர்வீஸ் வந்துவிட்டது.

முதல் பந்திலேயே இருவரும் ஒரே இடத்தில் நின்று தோளை இடித்துக்கொண்டோம். அடுத்ததில், “வெலகுங்க” என்றேன். பந்து போய்விட்டது. அதற்கடுத்ததில் என்னை அறியாமல் “வெலகுடா!” என்று கத்திவிட்டேன். போலீஸ்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அக்கரைக்காரர் விலகினார். நான் அடித்தேன். பந்து விளிம்பில் பட்டு விழுந்தது. பிறகு எல்லாம் சரியாகப் போனது. அடித்துவிட்டு விலகுவதில் அவர் உன்னைவிட ஒரு நொடி முந்தி என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. உனக்கும் இருக்காது என்று நம்புகிறேன்.

விரல் சைகைகள் மூன்றும் அவருக்குத் தெரிந்திருந்தன. சரி, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே போய்விடலாம் என்று, கட்டைவிரலை மடக்கி முஷ்டியை மேசைக்கு அடியில் காட்டினேன். அவர் கையில் இருந்த மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டவில்லை. என் முஷ்டியைக் குனிந்து பார்த்தார். “இது என்னங்க? உங்க மாப்பிள்ளை எல்லா ஆட்டத்துலயும் முதுகுக்குப் பின்னாடி இப்படி வெச்சுக்குவாரு” என்றார். உன்னிடம் கேட்டதில்லையா என்றேன். “கேட்டேன். இது உனக்கு இல்லைன்னாரு. பின்ன யாருக்குன்னேன். டிவி பாக்கறவனுக்குன்னாரு. ஏதோ வேண்டுதல் போலன்னு விட்டுட்டேன்” என்றார்.

அடுத்து என் சர்வீஸ். வலையில் விழுந்தது. அதற்கடுத்ததும் வலையில். “என்ன சுவரு, காத்துக்கே ஆடுது” என்றார் பேக்கரிக்காரர்.

ஊராரின் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். சுவரில் எழுத்துப் பலகை மாட்டி, கடைசி வரியில் இருக்கிற பொடி எழுத்தை வாசிக்கச் சொல்லி மற்றவர்களை மிரட்டுகிறேன். முதுகுக்குப் பின்னால் கை எதற்குப் போகிறது, கூட்டாளி பக்கத்திலல்லவா நிற்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் கடிதத்தில் முஷ்டியைப் பற்றி எழுதிய பத்தியை மட்டும் அடித்துவிடு. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். சுவர் பற்றி எழுதியது கட்டாயம் இருக்கட்டும்.

எதற்கு உனக்குப் பயம் என்று அவரிடமே கேட்டேன். ஆட்டம் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உங்கள் இருவருக்கும் வருகிற மிரட்டல் கடிதங்களைப் பற்றிச் சொன்னார். “எனக்கு எங்க ஊர்லேர்ந்து வருது. அவருக்கு உங்க ஊர்லேர்ந்து. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தோம். ரெண்டு கரையிலயும் துரோகிக்குப் பெரிய ற தான் போடறாங்க. சிரிச்சோம். ஆனா அப்புறம் அவர் தூங்கறதில்ல” என்றார். உன் வீட்டில் கல் விழுந்ததை நான் எழுதியிருந்தேனே, அந்தக் கடிதத்தை வாசித்த அன்று நீ மேடையில் பேசாமல் இறங்கிவிட்டாய் என்றும் சொன்னார். அதை ஒரு செய்தியாகத்தான் எழுதினேன் வெட்டுக்கிளி. தங்கை எழுத வேண்டாம் என்றாள். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

உனக்குத் துணைக்குப் பெரிய பெரிய ஆட்கள் இருப்பார்கள், கோட்டு போட்டவர்கள், கழுத்தில் அட்டை மாட்டியவர்கள், அத்தனை பேர் நடுவில் நீ யாருக்குக் கை காட்டப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் சொல்ல வருவது.

இன்னொன்று. கிளம்புகிற நேரத்தில் அவர், “எங்க ஊர்லயும் எனக்கு ஒருத்தன் இருக்கான். விசா கெடைக்காதவன். என் பழைய ஜோடி. கோப்பையோட வீட்டுக்குப் போனேன். கதவத் தொறந்தான், கோப்பையப் பாத்தான், வேலை இருக்குன்னுட்டுக் கதவச் சாத்திட்டான்” என்றார். எனக்கு அந்த ஆளை உடனே பிடித்துவிட்டது. விலாசம் வாங்கி ஒரு கடிதம் போட்டேன். மறு தபாலில் பதில் வந்தது. இப்படி ஒரு கடிதத்தை நான் சமீபத்தில் வாசித்ததில்லை. உன் கூட்டாளி கோப்பையைத் தூக்கிய விதத்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். இடது கையால் தூக்கியது அகம்பாவம் என்கிறார். நான் உன் வலது கையைப் பற்றி இரண்டு பக்கம் பதில் எழுதினேன். இந்த இரண்டு கரைகளுக்கும் இடையில் இவ்வளவு ஒத்த கருத்து உள்ள கடிதங்கள் இதற்கு முன் போயிருக்குமா என்பது சந்தேகம். உங்கள் புறாக்களால் முடியாதது.

ஆகவே கிளப்பின் தீர்மானத்தைத் தெரிவிக்கிறேன். ஹால் உண்டு. கதவை நானே திறந்து வைக்கிறேன். பலகையைத் தலைவரே முழங்காலில் உட்கார்ந்து ஆணி அடித்தார். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம், உள்ளே போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொள்ள வேண்டும். அக்கரை மாவு வந்தால் வருகிறவர்களுக்கெல்லாம் ரொட்டி என்று பேக்கரிக்காரர் சத்தியம் செய்திருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் இருவரும் ஒரு பக்கம் ஆடுவதாக இருந்தால், எதிர்ப்பக்கம் வெளியூர் ஆட்டக்காரர்கள் வேண்டாம். எதிர்ப்பக்கம் அந்த விசா கிடைக்காதவரும் நானும். சமாதானத் தூதர்களை எதிர்த்து, தூதர்களால் கைவிடப்பட்டவர்கள். விசா மட்டுமில்லை, அவருக்கு இடது முழங்காலும் போச்சாம், எனக்கு வலது. இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு நல்ல கால் இருக்கிறது. அடித்துவிட்டு ஒழுங்காக விலகினால் போதும்.

மேடைப் பேச்சுக்கு ஒன்று தருகிறேன், வைத்துக்கொள். தலைவர்கள் எல்லோரும் அடித்துவிட்டு அதே இடத்தில் நிற்கிறார்கள். அதனால்தான் அடுத்த பந்தை எடுக்க ஆள் வர முடிவதில்லை. அடித்த கையோடு விலகி, பக்கத்தில் இருக்கிறவனுக்கு வழி விடப் பழகியவர்கள் இரட்டையர் ஆடுகிறவர்கள் மட்டும்தான். இது என் கருத்து என்று நீ சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் ஆட்சேபணை இல்லை. பெயரைச் சரியாகச் சொல்.

தங்கைக்கு விஷயம் தெரியும். முஷ்டியைப் பற்றிச் சொன்னேன். நமக்குள் இருந்தது, சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவள் ஒட்டிய போஸ்டரைக் கிழித்துவிட்டு ஜன்னலுக்கு நான் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தேன், அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வேறு எதைப் பேசுவது? கேட்டுக்கொண்டே ஆணியை எடுத்துக் கொடுத்தாள். பிறகு, “எங்கிட்ட போன்ல நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னே சொல்றாரு. ஒனக்கு மட்டும் பயம்னு சொல்லியிருக்காரு” என்றாள். முகம் சரியாக இல்லை. பொறாமையின் பெரிய ற அவளுக்கும் எழுத வரும் போலிருக்கிறது. வந்ததும் முதலில் அவளிடம் போ. ஹாலுக்கு அப்புறம் வரலாம்.

பாலத்தில் அக்கரை ஜனங்களோடு நீ நடந்து வரும்போது கூட்டம் இருக்கும். வருக போஸ்டர் பிடித்தவர்களும் இருப்பார்கள், மற்றவர்களும் இருப்பார்கள். இக்கரை முனையில், வெயில் படுகிற பக்கம் நான் நிற்கிறேன். பல் டாக்டர், பேக்கரிக்காரர், தலைவர் எல்லோரும் உன்னைச் சுற்றி நடப்பதாக ஏற்பாடு. நான் முன்னால் நடப்பேன். கிளப்பில் எனக்கு வைத்த பெயருக்கு ஒருநாளாவது வேலை இருக்கட்டும். யாராவது இடிக்க வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தில் உங்களைத் தோற்கடிக்கத்தான் வருகிறோம். அதில் எந்தச் சமாதானமும் கிடையாது. தோற்றால் நீ வந்து கை கொடுக்க வேண்டும்; நாங்கள் தோற்றால் யோசிப்போம். ஆனால் நடுவில் உனக்குத் தோன்றினால், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகாதே. அங்கே யாரும் இல்லை. மேசைக்கு மேலே, வலைக்கு இந்தப் பக்கம் பார்த்துக் காட்டு. நான் எதிரில்தான் நிற்பேன். எதிராளி தட்டலாமா என்று நடுவர் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

இதைக் கிளப் ஹாலில், மேசைமேல் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உறையில் போடுவதற்கு முன் மட்டைப் பிடியால் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினேன். தரையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்ன என்று திரும்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை, கடிதத்தில் சேர்க்க வேண்டியது என்றேன்.

நல்லபடியாக வந்து சேர்.

அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும்
உன் எதிராளி,
சுவர்